கொண்டலில் கிழக்கே

எங்கள் நால்வரில் எவருக்கும் நீந்தத் தெரியாது.
எழுபத்திரண்டில், பாங்கோர் நகரில்,
சலவைக்கடைக்கு மேலிருந்த அறையில்
அந்தப் பாட்டை எழுதினேன்.
கீழே இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.
அதைத்தான் அலை என்று நினைத்துக்கொண்டேன்.
குழுவின் பெயரைக்கூட மார்னி
ஒரு சோப்பு டப்பாவில்தான் கண்டெடுத்தாள்.

ஏம்ஸின் பன்னிரண்டு கம்பி கிட்டார்.
மார்னி திபொடோவின் மேல்குரல்.
டிரம்ஸில் எல்வுட் பிராக்,
எப்போதும் அரைத் தட்டு முந்துகிறவன்.
ஒலிப்பதிவுக்காரர் மூன்று நாள் திட்டினார்.
நான்காம் நாள்,
'இருந்துவிட்டுப் போகட்டும்,
படகு ஆடுவதுபோல்தான் இருக்கிறது' என்றார்.

'கொண்டல் வீச, பாய் புடைக்க, கிழக்கே போனோம்;
கரையைக் கழற்றிக் கரையிலேயே வைத்தோம்.'

வானொலி அந்த வரியை
ஒரு கோடை முழுக்கத் துவைத்து உலர்த்தியது.
கல்யாணங்களில் பாடினார்கள்.
போரிலிருந்து திரும்பிய ஒருவன்
முன்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து காட்டினான்.

பிறகு ராக்லண்ட் துறைமுகத்திலிருந்து
ஒரு அஞ்சலட்டை, பென்சில் எழுத்தில்:

'ஐயா,
கொண்டல் கிழக்கிலிருந்து வருகிற காற்று.
அதில் பாய் புடைத்தால் படகு மேற்கே போகும்.
மேற்கே மீன் ஆலையின் கருங்கல் சுவர் இருக்கிறது.
உங்கள் பாட்டில் இருப்பவர்கள்
இரண்டாம் சரணத்துக்கு உயிரோடு வரமாட்டார்கள்.
மற்றபடி என் மனைவிக்குப் பிடித்திருக்கிறது.
இப்படிக்கு, ஹோரஸ் பீல்.'

திருத்திப் பார்த்தேன்.
மேல்காற்று என்று போட்டால் வாயில் நிற்கவில்லை.
மேற்கே போனோம் என்றாலோ
வேலை முடிந்து வீட்டுக்குப் போவதுபோல் இருந்தது.
அட்டையை கிட்டார்ப் பெட்டிக்குள் ஒட்டிவைத்துவிட்டு
நாற்பத்தொரு ஆண்டுகள் தப்பாகவே பாடினோம்.
முதல் பத்து ஆண்டு அரங்குகளில்,
பிறகு சந்தைத் திடல்களில்,
கடைசியில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் திறப்பு விழாவில்,
பலூன்களுக்கு நடுவே.
ஏம்ஸும் நானும் ஆறு வருடம் பேசவில்லை.
மேடையில் மட்டும் 'கிழக்கே' என்கிற சொல்லில்
இருவரும் ஒரே மூச்சை எடுத்தாகவேண்டும்.
எடுத்தோம்.

சென்ற மார்ச்சில் எல்வுட் போனான்,
அதிலும் முந்திக்கொண்டு.
கடலில் கரைக்கச் சொல்லி எழுதிவைத்திருந்தான்.
பாட்டில் உள்ளபடி, கிழக்கே பார்த்து.

வாடகைப் படகின் சுக்கானில் ஒரு பெண்.
லூயிசா பீல் என்றாள்.
'அப்பாவா?' என்று கேட்டேன்.
'அப்பாதான். அட்டை வாங்க
என் பென்சிலைத்தான் கடன் கேட்டார்,
என் காசையும்,' என்றாள்.

கலங்கரை விளக்கம் தாண்டியதும் நான் வாந்தி எடுத்தேன்.
ஏம்ஸ் என் கோட்டின் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.
அதுபற்றி நாங்கள் இன்றுவரை பேசியதில்லை.
மார்னி எழுந்து மூடியைத் திருகினாள்.
கிழக்கே பார்த்தாள்.
லூயிசா 'காற்று!' என்று கத்துவதற்குள்
வீசிவிட்டாள்.

எல்வுட் திரும்பி வந்தான்.
எங்கள் புருவத்தில், பல்லில்,
ஏம்ஸின் காது கேட்கும் கருவியில்,
மார்னியின் சிவப்புக் கம்பளித் தொப்பியில்
சாம்பல் நிறத்தில், கொஞ்சம் கரகரப்பாக.
யாரும் அசையவில்லை.
மார்னி நாக்கை மெல்ல நீட்டி, விரலால் துடைத்து,
'அரைத் தட்டு,' என்றாள்.

அதற்குமேல் அடக்க முடியவில்லை.
மூன்று கிழங்கள்,
வயிறு வலிக்கச் சிரித்தோம்,
எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியாமல்.

லூயிசா ஒன்றும் சொல்லவில்லை.
பாயை இறக்கிச் சுருட்டினாள்.
குனிந்து டீசல் எஞ்சினைத் தட்டினாள்.
இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.
கீழே சலவை இயந்திரம் சுழல்வதுபோல்
பலகை முழுக்க ஒரு நடுக்கம்.

'இப்போது சரி,' என்றாள்.

கொண்டல் முகத்தில் அறைய,
கிழக்கே போனோம்.